கிரீஸ் டப்பாவில் 190 டிகிரி போட்டிருந்தால் போதுமா?

இந்த மாதத்தில் இது நாலாவது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை, துணியை விரித்துச் சூடான காற்றில் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினின் ஃபேன் பேரிங் ஜாம். மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கிரீஸே இல்லை. அடிப்பிடித்த பாலாடை மாதிரி பழுப்பாக ஒரு பொருக்கு, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. எண்ணெய் முழுக்க ஷாஃப்ட் வழியாக இறங்கி, கீழே பஞ்சுத் தூசியில் ஊறிக் கிடக்கிறது.

"அண்ணா, டப்பாவுல 190 டிகிரின்னு போட்டிருக்குதுங்க. நம்ம பேரிங் சூடு 150 தானுங்களே?" என்கிறார் பிட்டர் தம்பி. நாலு இடத்திலும் இதே கேள்வி.

அந்த 190, டிராப்பிங் பாயிண்ட். சின்னக் கிண்ணத்தில் கிரீஸை வைத்துச் சூடேற்றினால், அடித்துளை வழியே முதல் சொட்டு எந்தச் சூட்டில் விழுகிறதோ அது. கிரீஸ் செத்துப்போகிற சூடு அது, வேலை செய்கிற சூடு இல்லை. சாதாரண லித்தியம் கிரீஸைத் தொடர்ந்து ஓட்ட 120 டிகிரிக்கு மேல் நம்பாதீர்கள்.

எல்லோரும் கிரீஸை வெண்ணெய் என்று நினைக்கிறார்கள்: சூடானால் உருகும், ஆறினால் உறையும், அவ்வளவுதான் என்று. இல்லைங்க. அதில் பெரும்பங்கு எண்ணெய், அதைப் பிடித்து வைத்திருப்பது சோப்பு. ஆமாம், சோப்பேதான். கொழுப்பு அமிலத்தோடு லித்தியம் சேர்ந்த சோப்பு; அந்த அமிலம் பெரும்பாலும் நம்ம ஆமணக்கெண்ணெயிலிருந்து வருகிறது. அது நுண்ணிய நாராகப் பின்னி நின்று எண்ணெயைத் தாங்குகிறது. இந்தச் சோப்புகள் ஐஸ்கட்டி மாதிரி ஒரே சூட்டில் உருகுவதில்லை. குளியல் சோப்பில் இருக்கும் சோடியம் வகையைத் தண்ணீர் இல்லாமல் சூடேற்றினால், 100 டிகிரி தாண்டி மெழுகுப் பதத்துக்கு வரும், அப்புறம் படிப்படியாகப் பதம் மாறி, 300 டிகிரி நெருங்கும்போதுதான் முழுத் திரவமாகும். லித்தியமும் அப்படித்தான்: சொட்டு விழுவதற்கு வெகு முன்பே நார் தளர்ந்து எண்ணெயை விட ஆரம்பித்துவிடும். ஆறினால் பழைய பின்னல் திரும்பாது. தயாரிக்கும்போது 200 டிகிரி வரை காய்ச்சி, அளவாக ஆறவைத்து, மில்லில் அரைத்துத்தான் அந்தப் பின்னலை உண்டாக்குகிறார்கள். பேரிங்குக்குள் அந்தப் பக்குவம் நடக்காது.

விலை மலிவு என்று வாங்கும் சாதா கால்சியம் கிரீஸ் 60 டிகிரிக்கு மேல் ஆகாது. அதன் பின்னலுக்குக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அது ஆவியானால் சோப்பு வேறு, எண்ணெய் வேறு.

துணியைச் சூட்டில் படியவைக்கும் ஹீட் செட் அறையை ஒட்டிய பேரிங்குக்கு மெஷின் கையேடு சொல்லும் உயர்சூட்டு கிரீஸை மட்டும் போடுங்கள். வகை மாற்றினால் பழையதைச் சுத்தமாகக் கழுவிவிட்டு மாற்றுங்கள். லித்தியத்தோடு, சோப்புக்குப் பதில் களிமண் சேர்த்த கிரீஸ் கலந்தால் கூழாகிப் போகும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸ் வைக்கும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். சரி, அதற்காகக் கிரீஸ் கன்னை வைத்துத் திணிக்காதீர்கள். பேரிங் உட்காரும் கூட்டில் (ஹவுசிங்) பாதி இடத்துக்கு மேல் நிரப்பினாலும் சூடேறும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். அந்த எண்ணெய் ஊறிய பஞ்சை ஷிஃப்ட் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இப்போதே அள்ளிவிடுங்கள். சூடான ஸ்டென்டர் பக்கத்தில் அது விளக்குத் திரி மாதிரிதான். பக்கத்திலேயே நின்று வேலை செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.