குடிமராமத்து: பொருளும் வேரும் தமிழ்ச்சொல்லும்

ஏரி, கண்மாய், வாய்க்கால் ஆகிய பொது நீர்நிலைகளை, அவற்றின் பாசனத்தில் பயிரிடும் உழவர்களே தம் உழைப்பாலும் பொருளாலும் ஆண்டுதோறும் செப்பனிட்டுக் காத்துவந்த வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர். தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் இப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபின் இச்சொல் செய்தித்தாள்களில் அன்றாடம் புழங்கத் தொடங்கியது. புழக்கம் கூடக்கூட, ஏரியில் நடக்கும் எந்தத் தூர்வாரும் பணிக்கும் இதுவே பெயர் என்ற எண்ணமும் பரவிவிட்டது.

இச்சொல்லின் முதற்பாதி தமிழ், பிற்பாதி அரபு. பழுதுபார்த்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல் பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வருவாய்க் கணக்குகளில் நுழைந்து மராமத்து ஆயிற்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் சற்றே திரிந்து வழங்குகிறது. கேரளத்திலோ இன்றைக்கும் பொதுப்பணித்துறையின் பெயரே பொதுமராமத்து வகுப்புதான். ஆகவே, குடிமராமத்து சோழர் காலத்துச் சொல் என்று மேடைகளில் சொல்லப்படுவது பொருந்தாது. சோழர் கல்வெட்டில் இந்த அரபுச் சொல்லைத் தேடிப் பயனில்லை. ஆனால் வழக்கம் சொல்லைவிட மூத்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தை, அதாவது ஏரியைக் கவனிக்கும் குழுவை, குறிப்பிடுகின்றன. ஏரியின் பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஊரார் கூலியின்றிச் செய்யக் கடமைப்பட்ட உழைப்பை வெட்டி என்றும் அமஞ்சி என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன; அதிலும் பாசனம் சார்ந்த உழைப்புக்குச் சென்னீர் வெட்டி என்ற தனிப்பெயரே உண்டு. (வேலையற்றுத் திரிபவனை வெட்டியாகத் திரிகிறான் என்று நாம் இன்று சொல்வது இந்தச் சொல்லுக்கு நேர்ந்த விந்தையான கதி.)

குடி என்பதற்கு வீடு, குடும்பம், குலம், ஆட்சிக்கு உட்பட்டோர் எனப் பல பொருள்கள் உண்டு. ஆனால் வருவாய்த்துறை வழக்கில் குடி என்றால் நிலத்தைப் பயிரிடுபவர்; விளைச்சலில் அரசுக்கோ நிலவுடைமையாளருக்கோ சேரும் மேல்வாரத்துக்கு எதிராக, பயிரிடுபவரின் பங்காக நிற்கும் குடிவாரம் என்னும் சொல்லில் இருப்பது இந்தக் குடியே. எனவே குடிமராமத்து என்பதைக் குடிமக்கள் செய்யும் மராமத்து என்று விரிப்பது பிழை. ஏரியிலிருந்து வயலுக்கு நீர் திறக்கும் மடையின் நீரால் விளையும் நிலத்தைப் பயிரிடுபவர் யாரோ, அவர் செய்ய வேண்டிய மராமத்து என்பதே சரியான விரிவு. இதற்கு இணையாகச் சர்க்கார் செய்ய வேண்டிய மராமத்து என்ற ஒன்றும் இருந்தது. ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் கலிங்கைக் கட்டுவதும் உடைந்த மதகைப் புதுப்பிப்பதும் சர்க்கார் பொறுப்பு. கரையில் மழைநீர் அரித்த பள்ளங்களை நிரப்புவதும், கரைமேல் முளைத்த முட்புதர்களை வெட்டுவதும், ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சேர்ந்த வண்டலை வாருவதும் குடிகளின் பொறுப்பு.

வேலை நடந்த விதத்தைப் பார்த்தால், இச்சொல் பழுதுபார்ப்பைவிட அகன்ற ஓர் ஏற்பாட்டைக் குறிப்பது புலப்படும். மழைக்காலம் தொடங்குமுன் தண்டோரா போட்டு, ஏரியின் பாசனப் பரப்பான ஆயக்கட்டில் அவரவருக்குள்ள நிலத்தின் அளவுக்கேற்ப ஆள் அனுப்பச் செய்வார்கள். ஆள் அனுப்பாதவர் அதற்கு ஈடாகத் தண்டம் கட்ட வேண்டும். வாரிய வண்டல் கரைக்கும் வயலுக்கும் போயிற்று. தென்மாவட்டத்து உழவர்கள் கரம்பை என்று சொல்லி வண்டியில் ஏற்றிச் செல்வது அதைத்தான். ஏரி நிறைந்தபின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் நீர்க்கட்டி அல்லது மடையன் எனப்பட்டவரின் கையில் இருந்தது. அவரைத் தவிர வேறெவரும், எவ்வளவு பெரிய நிலக்காரராக இருந்தாலும், மடையில் கைவைக்கக் கூடாது. நீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். நீர்க்கட்டிக்கான கூலி அறுவடைக்களத்தில் நெல்லாக அளக்கப்படும். உழைப்புக்கும் நீருக்கும் நிலமே அளவுகோலாக இருந்ததால், தன் பங்குக்கு மேல் எடுப்பவரைத் தட்டிக்கேட்கும் உரிமை மற்றவர்க்கு இருந்தது. நீரை அளந்து பங்கிட்ட அந்த மனிதர் பல ஊர்களில் நிலமற்றவராகவும் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் இருந்தார் என்பதையும், மண்வெட்டி பிடித்த கைகள் பெரும்பாலும் நிலக்காரரின் கைகள் அல்ல என்பதையும் மறைத்துவிட்டு இவ்வழக்கத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் இந்த வழக்கத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. ஊர் வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தர மறுப்பவர், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. ஏரியின் வருவாய் அரசுக்கும் ஏரியின் செலவு குடிகளுக்கும் என்றான ஒரு காலத்தில், குடிமராமத்து என்னும் சொல்லின் அழுத்தம் குடியின்மேல் விழுந்தது தற்செயலாகத் தோன்றவில்லை. கரையிலுள்ள மரம், ஏரியின் மீன் ஆகியவற்றின் குத்தகைப் பணம் ஏரிக்கே திரும்பாமல் வேறிடம் போனதும், கிணறும் பம்புசெட்டும் வந்தபின் வசதியுள்ளவர் ஏரியை நம்பாமல் நிலத்தடி நீரை இறைக்கத் தொடங்கியதும் அவ்வழக்கத்தின் மிச்சத்தையும் குலைத்தன.

2017இல் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிய திட்டத்தில் ஆயக்கட்டுதாரரின் பங்கு 10 விழுக்காடு. மீதி அரசின் பணம். பழைய பொருளோடு ஒட்டிப்பார்த்தால் இதைச் சர்க்கார் மராமத்து என்றுதான் சொல்ல வேண்டும். இத்திட்டத்துக்கு வெளியேயும், வண்டல் அள்ள அனுமதி என்ற பெயரில் மடையின் மட்டத்துக்கும் கீழே தோண்டி மண்ணை விற்கும் இடங்களில், பொதுவளத்தைக் காக்கும் பணியே அதைச் சுரண்டும் பணியாக மாறுகிறது. அப்படித் தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் மடை வழியாக வயலுக்கு வராது.

இனித் தமிழ்ச்சொல். செப்பனிடல், சீரமைப்பு, பழுதுபார்ப்பு என்பன மராமத்துக்கு ஈடாவன. ஆனால் குடிச்சீரமைப்பு என்றால் குடியைச் சீரமைப்பதாகப் பொருள்படும் இடர் உண்டு. மராமத்து இலாகா பொதுப்பணித்துறை ஆனதைப் பின்பற்றிக் குடிப்பணி என்று ஆக்குவது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பணி என்பதில் பழுதுபார்ப்பு மட்டும் தனித்துத் தெரியவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் வெள்ளத்தில் கரையைக் காவல் காப்பதும் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு அந்த அகலம் வேண்டியதே. 1858ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பழைய வருவாய் ஆவணங்களையும் பற்றி எழுதும்போது குடிமராமத்து என்றே எழுதலாம். உழவர் தம் ஏரிக்குத் தாமே ஆளும் பொருளும் தரும் இன்றைய முயற்சிகளைக் குடிப்பணி என்று குறிப்பிடலாம்.