அந்தக் கோணல் மூக்கை வரைந்தது யார்?

போன வாரம் என் அனிமேஷன் வகுப்பில் ஒரு பையன் போனை நீட்டினான். ஏதோ ஒரு ஜப்பானிய அனிமே தொடரின் ஸ்கிரீன்ஷாட் இரண்டு. ஒன்றில் நாயகனுக்கு மூன்று கை. இன்னொன்றில் மூக்கு பாதி கன்னத்துக்குப் போயிருந்தது. "இவங்களுக்கு வரையவே தெரியல சார்" என்று ஒரே சிரிப்பு.

நான் பதில் சொல்லவில்லை. அடியிலிருந்து வெளிச்சம் வரும் லைட் பாக்ஸைப் போட்டு, தாள் நகராமல் பிடிக்கும் பெக் பாரில் இரண்டு தாளை மாட்டிக் கொடுத்தேன். ஒன்றில் ஒரு பெண் நேரே பார்க்கிறாள், மற்றதில் பக்கவாட்டில். "நடுவுல மூணு படம் போடு தம்பி. கோட்டோட தடிமன் மாறக்கூடாது. தலை திரும்பின அப்புறம்தான் பின்னல் வரணும்." மூன்றரை மணிக்கு உட்கார்ந்தான். ஏழு மணிக்கு இரண்டு படம் தேறியிருந்தது, இரண்டாவதில் காது கீழே இறங்கியிருந்தது. ஐந்து படமும் சேர்ந்து திரையில் ஓடுவது அரை வினாடிக்குச் சற்று மேல்.

அவன் காட்டிய மூன்று கை தப்பே கிடையாது. வேகமாக வீசும் கையை வேண்டுமென்றே இழுத்தும் பெருக்கியும் வரைவோம். நாங்கள் ஸ்மியர் என்போம், ஜப்பானில் 'ஒபாகே', அதாவது பேய். வினாடிக்கு 24 ஃபிரேம். ஜப்பானிய டிவி தொடர்களில் பெரும்பாலும் ஒரு படத்தை மூன்று ஃபிரேமுக்கு நிறுத்திவைப்பார்கள், ஆக வினாடிக்கு எட்டுப் படம். 1963இல் 'அஸ்ட்ரோ பாய்' தொடரை வாராவாரம் கொடுக்க ஒசாமு தெசுகாவின் குழு கைக்கொண்ட சிக்கனம் இது. கண்ணிமைக்கும் நேரம் மட்டுமே வாழும் பேயைப் பிடித்து நிறுத்திவைத்துச் சிரித்தால் அது என்ன செய்யும்?

மூக்கு வேறு கதை. அது தப்புதான்.

காட்சிகளைச் சின்னப் படங்களாகத் திட்டமிடும் ஸ்டோரிபோர்டு முடிந்ததும் ஒரு எபிசோடு சுமார் 300 'கட்'டாக, அதாவது இடையில் வெட்டாமல் ஓடும் துண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெரிய கவர். முக்கிய நிலைகளை வரைபவர் 'கெங்கா'க்காரர். நிழல் எங்கே விழும் என்பதைக்கூடக் கலர் பென்சிலில் குறித்துவிடுவார். அதன்மேல் அனிமேஷன் இயக்குநர் ஒரு நிறத்தாளை வைத்து முகங்களைத் திருத்துவார். இவரைச் சுருக்கமாக 'சக்கான்' என்பார்கள். பத்துப் பேர் வரைந்த நாயகியை ஒரே ஆளாகக் காட்டுவது இவர் பொறுப்பு. பிறகு பையன் போட்டதுபோல நடுவில் வரும் இடைப்படம் போடும் 'டௌகா'க்காரர், சரிபார்ப்பவர், வண்ணம், பின்னணியோடு சேர்ப்பவர். 20 நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் படம் சாதாரணம். 'செல்' என்னும் கண்ணாடி போன்ற தாளில் வண்ணம் பூசும் வழக்கம் 2013இல் 'சசாயே-சான்' தொடரோடு டிவியில் முடிந்தது. ஆனால் பல ஸ்டுடியோக்களில் கோடு இன்னும் பென்சில்தான்.

இந்தக் கவரை வீடுவீடாகக் கொண்டுபோய், கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வருபவர் தயாரிப்பு உதவியாளர். டோக்கியோவின் சுகினாமி, நெரிமா பகுதிகளில் ஸ்டுடியோக்கள் நெருக்கமாக இருப்பதற்கு இந்த நடையும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றும். கவர் நாலு நாள் தாமதமானால் அந்த நாலு நாளும் சக்கானின் கணக்கில் கழியும். திருத்த நேரமில்லாமல் போன தாள்தான் அந்தக் கோணல் மூக்கு.

எபிசோடு முடிவில் ஓடும் பெயர்களை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். பத்துப் பதினைந்து அனிமேஷன் இயக்குநர்கள் வரிசையாக வந்தால் பெரிய பட்ஜெட் என்று நினைக்க வேண்டாம். வீடு பற்றிக்கொண்டு, தெருவே வாளியோடு ஓடிவந்திருக்கிறது.

காசு விஷயம். இடைப்படத்துக்குத் தாள் ஒன்றுக்கு 200 யென் அளவில்தான் பல இடங்களில் கூலி. பையன் போனில் போட்டுப் பார்த்தான். "ரெண்டு படத்துக்கு மூணரை மணி நேரமா... பிரியாணிகூட வராதே சார்." ஜப்பான் அனிமேஷன் கலைஞர்கள் சங்கம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், இடைப்படம் போடுபவரின் சராசரி ஆண்டு வருமானம் 12.5 லட்சம் யென். எல்லாப் பணிகளையும் சேர்த்தால் சராசரி சுமார் 44 லட்சம். 2023இல் அனிமே சந்தை மொத்தம் 3.3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. பதிப்பகம், டிவி, பொம்மை, இசை நிறுவனங்கள் சேர்ந்து தயாரிப்புக் குழு அமைத்துப் பணம் போடுகின்றன. லாபம் பங்கு போட்டவர்களுக்கு. பங்கு போடாத ஸ்டுடியோவுக்குப் பேசிய தொகை மட்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1981இல் செல்லுக்கு வண்ணம் பூசும் பெண்களோடு தொடங்கிய கியோட்டோ அனிமேஷன், ஆட்களை மாதச் சம்பளத்தில் வைத்துத் தானே பயிற்சி கொடுத்து வளர்ந்தது. 2019 ஜூலை 18இல் அங்கே நடந்த தீவைப்பில் 36 பேர் இறந்தார்கள். சேர்ந்தே வளர்ந்த கைகள் அவை.

இப்போது வெளிநாட்டுக்காரர்களுக்கும் இணையம் வழியாக வேலை வருகிறது. என் மாணவர்களுக்கும் மெசேஜ் வருகிறது. சந்தோஷம்தான், ஆனால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: கட்டுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் பணம், திருத்தம் எத்தனை முறை, பெயர் போடுவார்களா. எல்லாம் எழுத்தில் வேண்டும். எனக்கு ஒருமுறை இடைத்தரகர் ஒருவர் ஒன்பது கட்டை மூன்று நாளில் கேட்டார். கொடுத்தேன். பணம் எட்டு மாதம் கழித்து வந்தது. பெயர் வரவே இல்லை.

பையன் மூன்றாவது படத்தை வீட்டுக்கு எடுத்துப்போனான். மறுநாள் கொண்டுவந்தபோது காது சரியாக இருந்தது, பின்னல் மட்டும் முந்திக்கொண்டு திரும்பியிருந்தது. தாளை மறுபடி பெக் பாரில் மாட்டினேன்.