நட்ட மறுநாள் நாற்று ஏன் துவள்கிறது?

நேற்று மாலை நட்ட தக்காளி நாற்று. மண்ணில் விரலை விட்டால் ஈரம் ஒட்டுகிறது. ஆனாலும் காலை பத்து மணி வெயிலுக்கே இலைகள் துவண்டு தொங்குகின்றன. உடனே இன்னும் ஒரு குவளை ஊற்றத்தான் கை போகும். ஊற்றினாலும் நிமிராது. தண்ணீருக்குக் குறைவில்லை, அதைக் குடிக்கிற வாய்தான் நேற்றே அறுந்துபோய்விட்டது.

குழித்தட்டிலிருந்து நாற்றை எடுக்கும்போது நம் கண்ணில் படும் வெள்ளை வேர்கள் பெரும்பாலும் குழாய்கள். உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு வேர்த்தூவிகளுடையது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால், தோலிலுள்ள செல்லே நூல்போல நீண்டு மண்துகள்களின் இடுக்கில் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். ஹோவர்ட் டிட்மர் என்ற தாவரவியலாளர், பெட்டியில் நான்கு மாதம் வளர்ந்த ஒரே ஒரு ரை தானியச் செடியின் வேர்களைக் கணக்கெடுத்து 1937இல் வெளியிட்டார். வேர்களின் மொத்த நீளம் சுமார் 620 கிலோமீட்டர். வேர்த்தூவிகள் ஏறத்தாழ 1,400 கோடி!

நாற்றை உருவும்போது இந்தத் தூவிகள் மண்ணோடு பிய்ந்து போகின்றன. பிய்ந்தது மறுபடி ஒட்டாது. வேர் நுனி புதிதாக நீண்டு, அங்கே புதுத் தூவி முளைக்க வேண்டும். அதுவரை வரவு இல்லை, இலை வழியாகச் செலவு மட்டும். செடி சும்மா இருப்பதில்லை. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. ஆனால் கரியமில வாயு உள்ளே வருவதும் அதே துளை வழியாகத்தான். ‘நட்டு ஒரு வாரமாச்சு, அப்படியே நிக்குதே’ என்று சலித்துக்கொள்கிறோமே, அது இந்தப் பட்டினிதான்.

அதனால்தான் மாலையிலோ மேகமூட்டமான நாளிலோ நடச் சொல்கிறார்கள். மண்கட்டி உடையாமல் எடுத்து நட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. பூசணி, வெள்ளரிக்கு வேரைத் தொட்டாலே பிடிக்காது; தனித்தனிக் கோப்பையில் விதைப்பது நல்லது. கேரட்டும் முள்ளங்கியும் நாற்றுவிடவே வேண்டாம். ஆணிவேர் நுனி ஒடிந்தால் கிழங்கு கவட்டையாகப் பிளந்துவிடும்.

சரி, வேரைக் காப்பாற்றியாயிற்று. இலை? ஜன்னலோரத்தில் வளர்ந்த நாற்றின் இலையில் மெழுகுப்பூச்சு மெலிது. கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை வடிகட்டிவிடுவதால், முழு வெயிலைக் கண்டதும் இலை வெளுத்துக் காகிதமாகும். ஏழு முதல் பத்து நாள், முதலில் ஓரிரு மணி நேர நிழல், அப்புறம் இளவெயில் என்று வெளியே வைத்துப் பழக்கினால் பூச்சு தடிக்கும். காற்றும் வேண்டும். ஆடிய தண்டு குட்டையாகவும் தடியாகவும் வளரும் இந்தக் குணத்துக்கு எம். ஜே. ஜாஃபி என்ற தாவரவியலாளர் 1973இல் ‘திக்மோமார்ஃபோஜெனிசிஸ்’ என்று பெயர் வைத்தார். பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, நாற்றின் தலையை தினமும் நாலு தரம் கையால் தடவிவிட்டாலே அது நடக்கும்.

வசந்தத்தில் ஏமாற்றுவது மண். காற்று இதமாக இருக்கும், அடியில் குளிர் விலகியிருக்காது. குளிர்ந்த வேர் தண்ணீரைச் சரியாக இழுக்காது, இலையோ வெயிலில் செலவழித்துக்கொண்டிருக்கும். காலையில் மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 15 டிகிரி செல்சியசைத் தொடும்வரை தக்காளி காத்திருக்கட்டும். முட்டைக்கோசுக்கும் லெட்யூசுக்கும் இந்தக் கவலை குறைவு. அவசரப்பட்டு நட்ட தக்காளி இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால், குளிரில் வேருக்குப் பாஸ்பரஸ் எடுக்க முடியவில்லை என்று பெரும்பாலும் பொருள். நானும் ஒருமுறை பதறி உரம் போட்டேன், வீண். மண் சூடானதும் புது இலை பச்சையாகவே வந்தது.

நட்டவுடன் ஊற்றும் தண்ணீர் தாகத்துக்கு மட்டுமல்ல, மண்ணை வேரோடு ஒட்டவைக்கவும்தான். இடையில் காற்று நின்றால் வேருக்கு ஈரம் எட்டாது. மட்கும் கோப்பையோடு நடுபவர்கள் அதன் விளிம்பை மண்ணுக்கு மேலே விடக்கூடாது. வெளியே நீட்டிய விளிம்பு விளக்குத்திரிபோல ஈரத்தை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தக்காளியை மட்டும் முதல் இலைகள்வரை ஆழமாகப் புதைக்கலாம், தண்டிலிருந்தே வேர் விடும்.

நாற்று வேர் பிடித்ததா என்று தோண்டிப் பார்க்க வேண்டாம். விடிந்ததும் இலைகளைப் பாருங்கள். பனித்துளி இலை முழுதும் படரும். இலை ஓரத்துப் பற்களின் நுனியில் மட்டும் முத்து முத்தாக நீர் நின்றால், அது இரவெல்லாம் வேர் கீழிருந்து தள்ளிய தண்ணீர்.