மேக்னிட்யூட்னா பருமன் இல்லீங்க, ஒளிப்பொலிவெண்

மங்கலான நட்சத்திரம் எதைப் பத்தி படிச்சாலும் முதல் வரியிலயே மேக்னிட்யூட் 4, மேக்னிட்யூட் 5.2னு ஒரு எண் வந்து நிக்கும், அந்த நட்சத்திரம் எவ்ளோ பிரகாசம்ங்கிறதுக்கான கணக்கு அது. அதை தமிழ்ல எழுதுறப்போ சிலர் அகராதிய பாத்து "பருமன்"னு போட்டுடுறாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது. பருமன்னா ஒரு பொருள் எவ்ளோ பெருத்திருக்கு, எவ்ளோ இடத்த அடைக்குதுங்கிறதுதான் நமக்கு தோணும். ஒரு நட்சத்திரத்தோட பருமன் 2, இன்னொண்ணு 5ன்னு எழுதினா ரெண்டாவதுதான் பெருசுன்னு எடுத்துப்போம், ஆனா அங்க சொல்ல வந்தது ரெண்டாவது மங்கல்ங்கிறத.

இதுல மொழிபெயர்த்தவங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அந்த சொல் பிறந்த விதமே அப்படி. லத்தீன்ல மாக்னுஸ்னா பெரிய, அதுல இருந்து மாக்னிடூடோ, அதாவது பெருசா இருக்கிற தன்மை. அதுக்கும் முன்னாடி கிரேக்கத்துல மெகெதோஸ்னு ஒரு சொல், அதுக்கும் அளவுன்னுதான் அர்த்தம். கி.பி. 2ஆம் நூற்றாண்டுல தாலமிங்கிற வானியலாளர் தன்னோட அல்மஜெஸ்ட்ங்கிற நூல்ல 1000க்கும் மேல நட்சத்திரங்கள பட்டியல் போட்டு ஆறு தரமா பிரிச்சு வச்சார், ரொம்ப பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்கு தெரிஞ்சும் தெரியாம இருக்கிறது ஆறாம் தரம். வெறும் கண்ணுக்கு பிரகாசமான நட்சத்திரம் பெருசா இருக்கிற மாதிரியே தெரியும்ல, அதனால அளவுங்கிற சொல் ஒட்டிக்கிச்சு. எண் ஏற ஏற வெளிச்சம் குறையுறதும் இதனாலதான், பரீட்சையில முதல் ரேங்க் அம்பதாவது ரேங்க்க விட ஒசத்தின்னு யாருக்கும் விளக்க வேண்டியதில்லையே, அதே கணக்கு.

அந்த தரத்த சரியான எண்ணா மாத்தினவர் நார்மன் போக்சன்ங்கிற இங்கிலாந்து வானியலாளர். முதல் தர நட்சத்திரம் ஆறாம் தரத்த விட சுமார் 100 மடங்கு பிரகாசம்னு அதுக்கு முன்னாடியே கவனிச்சிருந்தாங்க, அவர் 1856ல அதை சரியா 100னே வச்சுக்கலாம்னார், ஒண்ணுல இருந்து ஆறுக்கு அஞ்சு படி, அப்படின்னா ஒரு படிக்கு 2.512 மடங்கு வருது. இதே போக்சன்தான் 1861ல மெட்ராஸ் அப்சர்வேட்டரிக்கு வந்து 1891ல சாகுற வரைக்கும் அங்கயே இருந்தார், இது நம்மள்ல பல பேருக்கு தெரியாதுங்கிறது எனக்கு பெரிய வருத்தம்.

ஒரு நட்சத்திரத்த கிட்டத்துல வச்சு பாப்போம். சப்தரிஷி மண்டலத்துல வசிஷ்டர ஒட்டி மங்கலா இருக்கிற அருந்ததி, மேக்னிட்யூட் 4. வசிஷ்டர் சுமார் 2, அதாவது அருந்ததிய விட சுமார் ஆறு மடங்கு பிரகாசமா தெரியுது. இதை பாத்துட்டு அருந்ததிய சின்ன நட்சத்திரம்னு நினைச்சா அவ்ளோதான், அது 80 ஒளியாண்டுக்கு (ஒளி ஒரு வருஷத்துல போற தூரம்தான் ஒரு ஒளியாண்டு) மேல தள்ளி நின்னுக்கிட்டு நம்ம சூரியன விட பத்து மடங்குக்கும் மேல ஒளி வீசுது, மேற்பரப்பு வெப்பமும் சூரியன விட அதிகம், பக்கத்துல ஒரு சின்ன சிவப்புக் குள்ள நட்சத்திரம் துணைக்கு இருக்குன்னு 2009ல கண்டுபிடிச்சாங்க. இன்னொரு பக்கம் சிக்னஸ் மண்டலத்துல இருக்கிற 61 சிக்னி ஏங்கிற நட்சத்திரம், மேக்னிட்யூட் 5.2, நல்ல இருட்டுல வெறும் கண்ணுல புடிக்கலாம். அது வெறும் 11.4 ஒளியாண்டுதான், ஒளியோ சூரியன்ல ஆறுல ஒரு பங்கு கூட தேறாது. ரெண்டும் மங்கல்தான், ஒண்ணு தூரத்தால மங்கல், இன்னொண்ணு இயல்பாவே மங்கல். பருமன்ங்கிற சொல் இந்த ரெண்டுல எதையுமே சொல்லாது.

இத மாதிரி நட்சத்திரங்கள பாக்கிறதுக்கு இருட்டுல அரைமணி நேரமாவது கண்ண பழக்கணும், ரொம்ப மங்கலானத நேரா முறைச்சா மறைஞ்சே போயிரும், கொஞ்சம் தள்ளி ஓரக்கண்ணால பாத்தா திரும்ப தெரியும், மங்கின வெளிச்சத்துக்கான கோல் செல்கள் விழித்திரையோட நடுவுல இல்லாம சுத்தி இருக்கிறதால.

அப்போ சரியான தமிழ் எது? "ஒளிப்பொலிவெண்"னு எழுதுறாங்க, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு. பொலிவுங்கிறது பாக்கிறவங்க கண்ணுக்கு தெரியுற அழகு, துலக்கம், அது அளவு இல்ல. கடைசியில வர்ற எண் இது வெறும் கணக்குன்னு சொல்லிடுது. வெக்டார்ல வர்ற மேக்னிட்யூட்டுக்கு பாடப்புத்தகத்துல எண்மதிப்புன்னு இருக்கு, அதை இங்க கொண்டுவர வேணாம், ஒரு இங்கிலீஷ் சொல்லுக்கு எல்லா எடத்துலயும் ஒரே தமிழ்ச்சொல் போடணும்னு கட்டாயமே இல்ல.

நாம பாக்கிற இடத்துல இருந்து தெரியுறது தோற்ற ஒளிப்பொலிவெண். எல்லா நட்சத்திரத்தையும் 32.6 ஒளியாண்டு தூரத்துல வச்சா எப்படி இருக்கும்னு கணக்கு போட்டு சொல்றது தனி ஒளிப்பொலிவெண், இயல்பான ஒளிய ஒப்பிட இதுதான் உதவும். அருந்ததிக்கு இது 2. நம்ம சூரியனுக்கு 4.8, அந்த தூரத்துல நம்ம சூரியனும் ஒரு மங்கலான புள்ளிதான், 60 ஒளியாண்டு தாண்டிட்டா சாதாரண கண்ணுக்கு அதுவும் தெரியாது.