அணையை உடைக்கும் முன் அடிச்சேற்றைப் பாருங்கள்

கோடை முடிவில் ஆழமான நீர்த்தேக்கத்தின் அடித்தண்ணீரை எடுத்துப் புட்டியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். வெயிலில் சூடான தண்ணீர் மேலே மிதக்க, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீருக்குக் காற்றே படாது. செத்து விழுந்த பாசி அங்கே மட்க மட்க ஆக்சிஜன் தீர்ந்துபோகும். மீட்டரை இறக்க இறக்க எண் பூஜ்யத்தை நோக்கி விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அணையை எடுத்தால் ஆறு பிழைக்குமா என்று கேட்பவர்களிடம் பிழைக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் அடியில் கிடப்பது என்ன சேறு என்பதை முதலில் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் ஆரெகன், கலிஃபோர்னியா மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் 2023, 2024ஆம் ஆண்டுகளில் நான்கு மின் அணைகள் அகற்றப்பட்டன. அந்தத் தேக்கங்களில் கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி பெருகி, ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சு தண்ணீரில் கலந்தது. யூரோக், கரூக் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் நெடுங்காலம் போராடித்தான் இந்த முடிவு வந்தது.

2024 ஜனவரியில் தேக்கங்களை வடித்தார்கள். பாசி மட்கிய சேறு கிளம்பியதும் ஆறு காப்பி நிறமானது. கடைசி அணைக்குக் கீழே ஆக்சிஜன் சரிந்தது, மீன்களும் செத்தன. படங்களைப் பார்த்த பலர் ஆற்றையே கொன்றுவிட்டதாகக் கொதித்தார்கள். அந்த ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜனவரியைத் தேர்ந்தது சரி என்றே நினைக்கிறேன். குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும். மழைக்கால நீரோட்டம் சேற்றைக் கடலுக்குத் தள்ளும். கடலில் வளர்ந்து முட்டையிட ஆறேறும் சால்மன் மீன்களில் பெரும்பாலானவை அப்போது கடலிலோ கிளை ஓடைகளிலோ இருக்கும்.

அதே ஆண்டு அக்டோபரில் சினூக் வகைச் சால்மன்கள் நான்கு அணைகளும் இருந்த இடங்களைக் கடந்து, ஆரெகனில் ஸ்பென்சர் ஓடை வரை ஏறிவந்தன. 1912க்குப் பிறகு கடலிலிருந்து அந்தப் பக்கம் மீன் வந்தது அதுவே முதல்முறை. அவை முட்டையிட வரும் பருவத்தில், தேக்கங்கள் கோடைச் சூட்டைப் பிடித்துவைத்து ஆற்றில் விடும் தொல்லையும் இப்போது இல்லை. ஆனால் பாசிப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. மேலே உள்ள மேல் கிளாமத் ஏரியிலிருந்து, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில் கதை வேறு. 1973இல் ஃபோர்ட் எட்வர்ட் அணையை எடுத்தபோது, அதன் பின்னால் படிந்திருந்த பிசிபி என்ற ஆலை நச்சு சேற்றோடு கீழே அடித்துப் போனது. 1976இல் ஆற்றின் மேற்பகுதியில் மீன்பிடிக்கத் தடை வந்தது. அந்த நச்சுச் சேற்றைத் தோண்டி எடுக்கும் வேலை 2009இல் தொடங்கி 2015 வரை நடந்தது. பாசிச் சேறு தரும் துன்பம் சில மாதங்களில் அடங்கும். இந்தச் சேறு அப்படி அடங்காது.

அதனால் உங்கள் பகுதியில் ஓர் அணையை அகற்றும் பேச்சு எழுந்தால், சேற்றின் ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மேலாக ஒரு பிடி அள்ளிச் சோதித்தது போதாது. நீளக் குழாயைப் பழைய ஆற்றுப் படுகை வரை இறக்கி, சேற்றை அப்படியே உருளையாக எடுத்து, அடுக்கடுக்காக வெட்டிச் சோதித்திருக்க வேண்டும். மூடிப்போன ஆலையின் கழிவு பெரும்பாலும் கீழடுக்குகளில்தான் கிடக்கும்.