அத்தை வீட்டு ஜன்னல் வெள்ளைத் துணியான கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த வீட்டை விற்றுவிட்டு ஜோஹன்னஸ்பர்க்கில் மகளோடு போய் இருப்பது என்று முடிவானதும், அத்தை முதல் வேலையாகக் கூடத்தை ஃபோனில் படம் எடுத்தார். நடுப்பகல். பின்சுவரை ஒட்டி நின்று, ஜன்னலைப் பார்த்தபடி எடுத்த படம். அதில் நடுவே ஒரு வெள்ளைத் துணி தொங்கியது, சுற்றிலும் குகை, சோபா இருக்க வேண்டிய இடத்தில் கரிய மேடு. “நம் வீடு இவ்வளவு இருட்டா, தம்பி?” என்று என்னிடம் நீட்டினார். அப்போது நாங்கள் இருவரும் அதே கூடத்தில் விளக்குப் போடாமல்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் மடியில் கிடந்த செய்தித்தாளை நான் இருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

டர்பனின் தென்மேற்கு மேடுகளில், இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த சட்டத்தின் கீழ், 1960களில் இந்தியர்களுக்கென்று நகராட்சி கட்டிய சிறிய வீடுகளில் ஒன்று அது. ஜன்னல்கள் சிறியவை. ஆனால் குற்றம் ஜன்னலில் இல்லை. வெளியே உச்சி வெயிலில் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்குப் போடாத கூடத்தில் 200 லக்ஸ் இருந்தால் பெரிது. வித்தியாசம் 500 மடங்கு. இதோடு முடியவில்லை. கூடத்தின் மூலைக்கு அந்த 200இல் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அங்கே கிடக்கும் பழுப்புச் சோபா, வெள்ளைச் சுவர் திருப்பும் ஒளியில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு வெள்ளைச் சுவருக்கும் இந்தச் சோபாவுக்கும் இடையே 40,000 மடங்கு. படம் எடுப்பவர்கள் ஒவ்வொரு இரட்டிப்பையும் ஒரு படி என்பார்கள். இது 15 படிக்கும் மேல். நல்ல கேமராவே 14 படி அளவில் மூச்சு வாங்கும். ஃபோன் எந்த மூலைக்கு?

நம் கண் மட்டும் எப்படிச் சமாளிக்கிறது? அதுவும் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பதில்லை. ஜன்னலைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகிறது, சோபாவைப் பார்க்கும்போது விரிகிறது. 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் பரப்பில் 16 மடங்குதான் கிடைக்கும். மிச்ச வேலையை விழித்திரை செய்கிறது: அதன் ஒவ்வொரு பகுதியும் தன்மேல் விழும் ஒளிக்கேற்பத் தன் கூர்மையைத் தனியாகக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இந்தத் துண்டுகளை மூளை ஒட்டி, ‘கூடம்’ என்று நமக்குத் தருகிறது. ஒட்டிய இடம் நமக்குத் தெரிவதே இல்லை. வீடு விற்கப் படம் எடுப்பவர்களும் இதையே கையால் செய்கிறார்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, வெளிச்சம் குறைத்தும் கூட்டியும் மூன்று அல்லது ஐந்து படங்கள் எடுத்து, ஜன்னலை ஒன்றிலிருந்தும் சோபாவை இன்னொன்றிலிருந்தும் சேர்த்துவிடுவார்கள். ஃபோனில் இருக்கும் ‘எச்.டி.ஆர்.’ இதன் அவசர வடிவம். அளவு மீறினால் நிழலே இல்லாத, சாம்பல் பூசிய பொம்மை வீடு ஒன்று கிடைக்கும். அப்படிப்பட்ட விளம்பரப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாட்டுக் கடைப் பெயர்ப்பலகையில் வரைந்த தோசை நினைவுக்கு வரும்.

அதைவிட, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெளிச்ச இடைவெளியையே குறைப்பது நல்லது. சுவரில் மாட்டியிருந்த மாமாவின் மாலை போட்ட படத்தை நாங்கள் கழற்றியபோதுதான் சுவரின் நிறம் புலப்பட்டது. படத்துக்குப் பின்னால் கரும்பச்சையாக ஒரு செவ்வகம். மற்ற இடமெல்லாம் ஆண்டுக்கணக்கில் ஒளி பட்டு நிறமி சிதைந்து, வெளிறிய பாசி நிறம். அத்தை நாள்தோறும் பார்த்த சுவர்தான். மெல்ல மாறியதால் கண்ணில் படவில்லை.

‘வெள்ளை அடியுங்கள்’ என்று வீட்டுத் தரகர்கள் சொல்வதை நான் வெறும் நாகரிகம் என்றுதான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படியில்லை. ஜன்னல் வழியே 100 பங்கு ஒளி வருகிறது. நல்ல வெள்ளைச் சுவர் அதில் 80 பங்கைத் திருப்பி அனுப்பும், அது போய் மோதும் சுவர் 64, அடுத்தது 51. முதல் 100ஐயும் சேர்த்து இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 500 பங்கில் வந்து நிற்கும். பாதியை விழுங்கும் பச்சைச் சுவரில் 100, 50, 25 என்று கூட்டினால் 200தான். தரை, சோபா, வந்த வழியே ஒளி வெளியேறும் ஜன்னல் எல்லாம் பங்கு கேட்பதால், உண்மையான கூடத்தில் முழு ஆதாயமும் கிடைக்காது. ஆனாலும் ஒரு டின் பெயின்ட், ஜன்னலை உடைத்துப் பெரிதாக்கும் செலவை மிச்சப்படுத்தியது. நாற்காலிகளைக் குறைப்பது, மூன்று காலண்டர்களை எடுப்பது, குளிர்சாதனப் பெட்டியின் மேல் அடுக்கிய டப்பாக்களை ஒளிப்பது, இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எந்த நேரத்தில் எடுப்பது என்பதில் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் எல்லோரும் இங்கே தடுமாறுவார்கள். டர்பன் ஏறக்குறைய 30 பாகை தெற்கு அட்சரேகையில், மகர ரேகைக்கும் கீழே இருக்கிறது. ஆண்டு முழுவதும் நண்பகல் சூரியன் வடக்கில்தான் நிற்கும். இந்நாட்டு வீட்டு விளம்பரங்களில் ‘வடக்குப் பார்த்தது’ என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு அதனால்தான். குபேரன் திசை வடக்கு என்று முன்னோர்கள் கப்பலில் கொண்டுவந்த நம்பிக்கை, இந்த மண்ணில் சூரியனோடு ஒத்துப்போனது தற்செயல்.

ஜூன் மாத நண்பகலில் சூரியனின் உயரம் 37 பாகைக்குச் சற்றுக் குறைவு. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருந்தால், வெயில் கூடத்துக்குள் 2.7 மீட்டர் நீளும். டிசம்பரில் சூரியன் 83 பாகைக்கு மேலே ஏறிவிடுவதால் அதே ஜன்னல் வழியே ஒரு சாண் வெயில்தான் உள்ளே வரும். குளிருக்கு இதமான அந்த ஜூன் வெயில் படத்துக்கு எதிரி: தரையில் விழும் சதுரம் மட்டும் கண்ணைக் கூச, மற்றதெல்லாம் இருண்டுவிடும். ஒரு மெல்லிய வலைத்திரையை இழுத்துவிட்டால் வெயில் சிதறி, திரையே பெரிய விளக்காகிவிடும். தெற்குப் பார்த்த முகப்புக்கோ நண்பகல் வெயில் என்றுமே கிடைக்காது. அதை மேகமூட்டத்திலோ அந்தியிலோ எடுப்பதுதான் வழி.

அத்தை மகனுக்குப் பொறுமை இல்லை. ஃபோனில் அகலக் கோண வில்லைக்கு மாற்றும் 0.5 என்ற பொத்தானை அழுத்தினான். கூடம் சட்டென்று கல்யாண மண்டபமானது. ஓரத்தில் இருந்த சோபா படகானது. அந்த வில்லை அகலவாக்கில் 100 பாகைக்கு மேல் வாரிக்கொள்ளும். வளைந்த உலகை நேர்கோடுகள் கெடாமல் தட்டையான படத்தில் வைக்க, ஓரங்களை இழுத்தாக வேண்டும். நடுவிலிருந்து 45 பாகை தள்ளியிருக்கும் பொருள், ஓரத்தை நோக்கிய திசையில் இரண்டு மடங்கு நீளும். சப்பாத்தி மாவை நடுவிலிருந்து விளிம்புக்குத் தேய்ப்பது போல.

ஆழமும் பொய்யாகிறது. 15 சென்டிமீட்டர் அகலத் திரையில் 100 பாகைப் படத்தைச் சரியான தோற்றத்தில் காண, கண்ணை 6 சென்டிமீட்டர் தூரத்தில் வைக்க வேண்டும். யாராலும் முடியாது. 35 சென்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறோம்; மூளை அறையை ஐந்து மடங்குக்கு மேல் ஆழமாக நீட்டிவிடுகிறது. சாதாரண வில்லையும் நீட்டத்தான் செய்யும், ஆனால் மூன்று மடங்கோடு நிறுத்திக்கொள்ளும். மண்டபத்தை எதிர்பார்த்து வாசலில் கால்வைப்பவர் காண்பது பத்தடிக் கூடம் என்றால், நல்ல கூடமும் அவருக்குச் சின்னதாகத் தெரியும். அந்த 0.5ஐ நான் தொட விடவில்லை. அறை மூலையில் நின்று, ஃபோனை மார்பளவு உயரத்தில் பிடித்து, மேலும் கீழும் சாய்க்காமல் எடுத்தோம். சாய்த்தால் தண்டவாளங்கள் தூரத்தில் சேர்வது போலச் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும்.

பூஜை மூலையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சொந்த அடையாளங்கள் படத்தில் வேண்டாம் என்பது தரகர்களின் பாடம். சாட்ஸ்வொர்த்தில் வீடு தேடுகிறவர் விளக்கு வைக்க இடம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டாரா? விளக்கு இருக்கட்டும் என்றேன். ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் அதன் சுடர் 1,900 அளவு, செம்மஞ்சள்; பகலொளி 5,500, டியூப்லைட் 6,500 அருகே, நீலம். கண் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிக்கொள்ளும். கேமரா ஒன்றைத்தான் வெள்ளை என்று நம்பும். டியூப்லைட்டை அணைத்ததும் நீலத் திட்டு மறைந்தது.

கடைசிப் படத்தை ஜூன் மாத மாலை ஒன்றில் எடுத்தோம். 5 மணி தாண்டியதும் இங்கே சூரியன் மறைந்துவிடும். அரை மணி நேரத்துக்குள் வெளிவெளிச்சம் சில நூறு லக்ஸிலிருந்து ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். விளக்குப் போட்ட கூடமோ மாறாமல் நிற்கும். இறங்கும் வழியில் இரண்டும் சந்திக்கும் சில நிமிடங்களில் ஜன்னலில் திருட்டுக்கு அஞ்சிப் போட்ட கம்பிகள், அவற்றுக்குப் பின்னால் நீல வானம், எதிர்மேட்டு வீடுகளின் விளக்குகள், உள்ளே சோபாவின் மடிப்பு எல்லாம் ஒரே சொடுக்கில் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை வீட்டைத் திறந்து காட்டும் நாளுக்குமுன், வெளியாள் ஒருவரை மூக்கால் சோதிக்கச் சொன்னோம். விடாமல் வரும் வாசனையை மூக்கின் நரம்பணுக்களும் மூளையும் சில நிமிடங்களிலேயே ஒதுக்கிவிடும். தன் வீட்டு வாசனை வீட்டுக்காரருக்குத் தெரியாது. கருவாடு, சாம்பிராணி இரண்டையும் எதிர்பார்த்தோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது வேறு: “குளியலறையில் பூஞ்சை வாடை.” அது தெற்குச் சுவர். நண்பகல் வெயில் படாது, டர்பனின் ஈரக்காற்றில் காய்வதும் இல்லை.

புதுப் பெயின்ட் மிச்சம் இருந்தது. ஆனால் 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுத் தரகுச் சட்டப்படி, விற்பவர் குறைகளை எழுதிக் கையெழுத்திட்ட படிவம் இல்லாமல் தரகர் வீட்டை ஏற்கவே கூடாது. சுவர் ஈரமும் பூஞ்சையும் அந்தப் படிவத்தில் வருகின்றன. அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ‘தெற்குச் சுவர், மழைக்காலத்தில்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.