குழந்தைக்கு எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கலாமா?

ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று கவனித்துப் பாருங்கள். முன்பற்கள் நான்கை மட்டும் இப்படியும் அப்படியும் தேய்க்கும். பேஸ்ட்டைச் சப்பும். அரை நிமிடத்தில் "முடிஞ்சிருச்சு" என்று ஓடிவிடும். கடைவாய்ப் பக்கம் பிரஷ் போயே இருக்காது. எலெக்ட்ரிக் பிரஷ் வாங்கினால் இது சரியாகுமா என்றுதான் பல பெற்றோர் கேட்கிறார்கள். பாதி சரியாகும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு போல வெள்ளையாக ஒன்று வரும். அது வெறும் உணவுத் துணுக்கு இல்லை. பாக்டீரியாக்கள் பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து, கூட்டமாக ஒட்டிக்கொண்டு கட்டிய படலம். நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேல் அமிலத்தன்மை கூடக் கூட, அதை அளக்கும் பிஎச் என்ற எண் குறையும். அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேல் உறையான எனாமலில் உள்ள தாது கரையத் தொடங்கும். பால் பல்லில் எனாமல் மெல்லியது, அதனால் சொத்தை சீக்கிரமே உள்ளே இறங்கிவிடும். "விழப்போற பல்தானே" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அந்தப் பல்லுக்கு அடியிலேயே அடுத்த பல் வளர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தப் படலம் வாய் கொப்பளித்தால் போகாது. உரசித்தான் எடுக்க வேண்டும். சாதா பிரஷில் அதைச் செய்ய, ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பிரஷை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். அதற்கு மணிக்கட்டும் விரல்களும் நுணுக்கமாக ஒத்துழைக்க வேண்டும். ஏழெட்டு வயது வரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் கைவராது. சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் நியாயமே இல்லை.

எலெக்ட்ரிக் பிரஷ் இந்த அசைவைத் தானே செய்கிறது. 1954-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ப்ராக்ஸோடென்ட் என்ற பிரஷ், கையை நன்றாக அசைக்க முடியாத நோயாளிகளையும் பல்லில் கம்பி போட்டவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. இன்று கடைகளில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் தலை வட்டமாக இருக்கும். அது முழுச் சுற்று சுற்றாது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை திரும்பும். இன்னொன்று சோனிக் வகை. தலை சாதா பிரஷைப் போல நீளமாக இருக்கும், நார்கள் நொடிக்கு இருநூறு முறைக்கு மேல் அதிரும்.

பலன் உண்டா? உண்டு. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, பெரியவர்களும் குழந்தைகளும் பங்கேற்ற 56 சோதனைகளை ஆராய்ந்தது. மூன்று மாதங்களுக்கு மேல் எலெக்ட்ரிக் பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குச் சாதா பிரஷ் பயன்படுத்தியவர்களைவிடப் படலம் 21 சதவீதமும், ஈறு வீக்கம் 11 சதவீதமும் குறைவாக இருந்தன. ஆனால் சொத்தை குறையும் என்று அந்தத் தொகுப்பு சொல்லவில்லை. நாம் பயப்படுவது சொத்தைக்குத்தானே? அதைத் தடுப்பதில் ஃபுளோரைடு பேஸ்ட்டுக்கும், அடிக்கடி இனிப்பு தராமல் இருப்பதற்கும்தான் பெரிய பங்கு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு பேஸ்ட், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவு போதும். இரவில் தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைவதால், ராத்திரி துலக்குவதை மட்டும் விட்டுவிடக் கூடாது.

அசைவை மெஷின் பார்த்துக்கொள்ளும், எந்தப் பல்லில் வைப்பது என்பதை அது பார்த்துக்கொள்ளாது. மற்ற பாதி இதுதான். முன்பற்களிலேயே இரண்டு நிமிடம் ஓடினால் முன்பற்கள் மட்டும்தான் சுத்தமாகும். அதனால் இதைச் சாதா பிரஷ் போலத் தேய்க்காமல், ஒவ்வொரு பல்லிலும் இரண்டு மூன்று நொடி வைத்து மெதுவாக நகர்த்தப் பழக்குங்கள்.

மூன்று வயதுக்குள் சாதா பிரஷே போதும். அப்புறமும், பெரியவர் ஒருவர் தினமும் உட்கார்ந்து துலக்கிவிடும் வீட்டில் சிறிய தலையும் மெல்லிய நாரும் உள்ள சாதா பிரஷ் எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது என் கருத்து. துலக்கவே அடம்பிடிக்கும் பிள்ளைக்கும், கம்பி போட்ட பிள்ளைக்கும், கை ஒத்துழைக்காத பிள்ளைக்கும் எலெக்ட்ரிக் பிரஷ் செலவுக்குத் தகுந்த பலன் தரும். அதிர்வைக் கண்டு மிரளும் பிள்ளையாக இருந்தால், முதலில் நகத்தின் மேலும் கன்னத்திலும் வைத்துக் காட்டலாம். மாற்றுத் தலை உங்கள் ஊரில் கிடைக்கிறதா, என்ன விலை என்றும் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தலை மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த பிரஷ் வாங்கினாலும் ஆறு வயதையொட்டி ஒரு பல்லைத் தேடிப் பாருங்கள். பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. பால் பல் என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். முளைக்கும்போது மற்ற பற்களின் மட்டத்துக்கு வந்திருக்காது, அதனால் நேராக ஓடும் பிரஷ் அதைத் தொடாமல் தாண்டிவிடும். பிள்ளைக்குப் பின்னால் நின்று, தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். வாயைப் பாதி மூடச் சொன்னால் கன்னம் தளரும். விரலால் கன்னத்தை ஒதுக்கி, பிரஷைப் பக்கவாட்டில் உள்ளே விட்டு, அந்த ஒரு பல்லை மட்டும் தனியாகத் துலக்கிவிடுங்கள்.